மூன்று மணி நேரம் தள்ளி வைத்த கோடு

அன்று சூளைக் கொட்டகையில் இருந்தவர்கள் ஆறு பேர். சூளைக்குச் சொந்தக்காரரான முதலாளி. அவருடைய மனைவியின் தம்பி, பி.யு.சி. வரை படித்தவர், சூளைக் கணக்கைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கியிருந்தவர். காலை முறைக்கு நெருப்புப் பார்க்கிற மேஸ்திரி. மதிய முறைக்கு நெருப்புப் பார்க்கிற பாய். என் வீட்டுக்காரரின் அக்கா. பிறகு நான். வேறு யாரும் இல்லை. கரி லாரிக்காரரும் இருந்தார், அவர்தான் கடிகாரத்தைத் தொட்டிருப்பார் என்று பின்னால் ஒரு பேச்சு கிளம்பியது. லாரி முந்தின நாளே வந்து கரியைக் கொட்டிவிட்டுப் போய்விட்டது. ஆறு பேர்தான்.

ஆறு பேரும் ஒரே நேரத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒருவர் இருக்கும்போது இன்னொருவர் இல்லை. நடந்ததெல்லாம் அந்த மாறி மாறி வந்து போனதில்தான் நடந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. விருத்தாசலத்தில் ரயில் பாதையை ஒட்டிய பக்கம் சின்னச் சின்னப் பீங்கான் பட்டறைகள் நிறைய வந்திருந்தன. பொம்மை செய்கிறவர்கள் இருந்தார்கள், ஊறுகாய் ஜாடி செய்கிறவர்கள் இருந்தார்கள். நாங்கள் பீஸ் கட்டை செய்தோம். வீட்டு மின்சாரப் பெட்டியில் கம்பி சுற்றிச் சொருகுவார்களே, அந்த வெள்ளைக் கட்டை. என் வீட்டுக்காரர் நெய்வேலிச் சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலி. வாரத்தில் ஒரு நாள் வருவார், வந்தால் தூங்குவார். நானும் அவருடைய அக்காவும் வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை போட்டு ஒரு கை பிரஸ் வைத்திருந்தோம். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். மாவை அச்சில் போட்டு, பிரஸ்ஸின் கைப்பிடியை இழுத்து இறக்கினால் ஒரு கட்டை. பிசிறு தட்டி, காயவைத்து, பூச்சில் முக்கி எடுப்பதெல்லாம் என் வேலை. சுடுவதற்கு மட்டும் எங்களுக்கு வழி கிடையாது. எங்களைப் போன்றவர்களுக்குச் சொந்தச் சூளை ஏது? வாடகைச் சூளையில் இடம் பிடித்துச் சுட்டுக்கொள்வோம்.

அந்த பிரஸ் முழுதாக எங்களுடையது அல்ல. பெரிய பட்டறைக்காரர் ஒருவரிடம் தவணைக்கு எடுத்தது. இன்னும் முந்நூற்றைம்பது ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. தை முடிவதற்குள் கட்டாவிட்டால் பிரஸ்ஸைத் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று அவர் சொல்லியிருந்தார். கடலூரில் மின்சாரச் சாமான் கடை வைத்திருந்த ஒருவர் எங்களிடம் அறுநூறு ரூபாய்க்குக் கட்டை கேட்டிருந்தார். அதைக் கொடுத்துவிட்டால் பிரஸ் எங்களுடையது. கொடுக்காவிட்டால் இல்லை. அந்தக் கார்த்திகை மாதம் முழுக்க நான் நினைத்ததெல்லாம் இது ஒன்றைத்தான். சோறு வடிக்கும்போதும் இதுதான்.

நான் எதற்கும் கவலைப்படுகிறவள். மாவில் கல் இருக்குமோ, கொட்டகை ஒழுகுமோ, கடலூர்க்காரர் மனசு மாறிவிடுவாரோ. அண்ணி சொல்வார்: "உனக்குக் கவலைப்படறதுக்கே தனியா கூலி குடுக்கணும்மே. ஓவர்டைம் வேற போட்டுத் தரணும்."

சூளையில் வெப்பம் எந்த நேரத்தில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கிராப் தாள் அட்டையில் ஒட்டி மாட்டியிருக்கும். பச்சைக் கட்டம் போட்ட தாள். முதலாளியின் மச்சான் வரைந்தது. கீழே மணி, பக்கத்தில் டிகிரி. நடுவில் ஒரே கோடு. முதலில் மெதுவாக ஏறும், பிறகு சாய்வு கூடும், உச்சியில் கொஞ்ச நேரம் படுத்திருக்கும், பிறகு இறங்கும். நெருப்புப் பார்க்கிறவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். அந்த மணியில் விரலை வைத்து மேலே போவார். கோட்டில் முட்டினதும் பக்கவாட்டில் திரும்பி டிகிரியைப் படிப்பார். சூளை மீட்டரும் அதையே காட்டினால் சரி. குறைவாகக் காட்டினால் கரி போடுவார். கூடுதலாகக் காட்டினால் அடக்குவார்.

கீழே மணி என்று சொன்னேன் அல்லவா, அது கடிகார மணி. சூளை பற்றவைத்து ஒரு மணி, இரண்டு மணி என்று எழுதத்தான் மச்சானுக்கு ஆசை. மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை.

"சார், படமெல்லாம் நல்லாத்தான் இருக்குது. பத்த வெச்சி எத்தினி மணி ஆச்சின்னு யாரு எண்ணிக்கிட்டு இருக்கிறது? கடியாரத்தப் பாத்தா வெரலு எங்க போவணும்னு தெரியணும். அவ்ளோதான்."

எங்கள் சூளையில் எப்போதும் காலை ஆறு மணிக்குத்தான் பற்றவைப்பார்கள். அதனால் ஆறிலிருந்து ஆரம்பித்துக் கடிகார மணியாகவே எழுதிவிட்டார்.

அந்தக் கோட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மச்சானுக்கு நேரம் போவது தெரியாது. ஜாடி கனமான சாமான், மெதுவாகச் சூடேற வேண்டும். அதற்கு இதே கோட்டைப் பக்கவாட்டில் இழுத்து நீட்டினால் போதும் என்பார். மழைக்காலத்தில் மீட்டர் கொஞ்சம் குறைத்துக் காட்டுகிறது, கோட்டை அப்படியே கீழே இறக்கிவிட்டால் தீர்ந்தது என்பார். "கோடு ஒண்ணுதான்க்கா. நகத்தலாம், இழுக்கலாம், கவுக்கலாம். ஆனா ஒரே கோடுதான்." அவர் முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் வரும். எனக்கு அதைக் கேட்கப் பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றவள். அறுபதுகளில், அல்ஜிப்ராவில் கிராப் போடும் பாடம் ஆரம்பித்த சமயம். எக்ஸ் ஸ்கொயருக்கு ஒரு கிண்ணம் மாதிரி வளைவு வரும். டீச்சர் அதைப் பலகையில் வரைந்துவிட்டு, "இதே கிண்ணத்தை ரெண்டு கட்டம் வலது பக்கம் நகர்த்தணும். எக்ஸோட ரெண்டைக் கூட்டணுமா, கழிக்கணுமா?" என்று கேட்டார். வலது பக்கம் என்றால் கூட்டல்தானே. வகுப்பு முழுக்கக் கூட்டல் என்று கத்தினோம். "கழிக்கணும்," என்றார். ஏன் என்று சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. மறுநாள் சொல்கிறேன் என்றார். அந்த மறுநாள் அம்மா மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார், தம்பிகளைப் பார்க்க ஆள் இல்லை, நான் நின்றுவிட்டேன். ஏன் கழிக்க வேண்டும் என்பது தெரியாமலே போயிற்று. பெரிய துக்கம் என்றெல்லாம் இல்லை. எப்போதாவது பல் இடுக்கில் மாட்டின நார் மாதிரி நெருடும்.

அன்று திங்கட்கிழமை. முந்தின இரவு மழை. நானும் அண்ணியும் விடியுமுன்பே சூளைக்குப் போய், எங்கள் கட்டைகளை அடுக்கிய மண்பெட்டிகளைக் கடைசி வரிசையில் ஏற்றினோம். சூளையில் பாதிக்கு மேல் எங்கள் சாமான்தான். மீதி இடத்தில் முதலாளியின் சொந்தப் பொம்மைகள். வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, மண் பூசி, மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்து, கற்பூரம் காட்டி ஆறு மணிக்குப் பற்றவைத்தார்கள். பற்றவில்லை. கரியெல்லாம் ஈரம். மேஸ்திரி ஊதி ஊதிக் கண் சிவந்து போனார்.

"கரியா இது? மாட்டக் குளிப்பாட்டி வுட்டாப்புல இருக்குது," என்றார் அண்ணி.

"நீ வேற ஏம்மா. போயி வெறகு இருந்தா பாத்து எடுத்தா," என்றார் மேஸ்திரி.

கொட்டகையில் காய்ந்த விறகு இல்லை. மேஸ்திரியே தேடிக்கொண்டு பக்கத்துப் பட்டறைக்குப் போனார். திரும்பி வந்தபோது ஏழு மணி தாண்டிவிட்டது. முதலாளி கையை நீட்டித் தடுத்துவிட்டார். ஏழரைக்கு ராகுகாலம். பற்றவைத்து அது பாதியில் அணைந்து மறுபடி பற்றவைக்கிறது ராகுகாலத்தில் வந்துவிட்டால் என்ன செய்வது? ஒன்பது மணிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்தச் சூளையில் அதை மீறினவர் யாரும் இல்லை. பாய்கூட மீறமாட்டார்.

மேஸ்திரி டீக்கடைக்குப் போனார். அவர் போன பிறகுதான் மச்சான் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு முதலாளியிடம், "மாமா, ஒம்போதுன்னா மூணு மணி நேரம் தள்ளிப் போவுது. கிராப்பை மாத்திப் போடணும். நான் வூட்டுக்குப் போயி வரைஞ்சி எடுத்துக்கிட்டு வரேன்," என்றார். முதலாளி தலையாட்டினார். நாங்களும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டோம். பிரஸ் சும்மா கிடந்தது.

இனி நான் சொல்கிறது பின்னால் ஒவ்வொருவர் வாயிலிருந்தும் வந்ததைச் சேர்த்துச் சொல்வது.

ஒன்பது மணிக்கு மேஸ்திரி பற்றவைத்தார். இந்த முறை பற்றிக்கொண்டது. முதலாளி சாப்பிடப் போய்விட்டார். மேஸ்திரி அட்டையைப் பார்த்தார். கோடு ஆறில் ஆரம்பிக்கிறது. கடிகாரம் ஒன்பது காட்டுகிறது. ஒவ்வொரு முறையும் மூன்றைக் கழித்துக்கொண்டிருப்பது யாரால் முடியும்? ஸ்டூலைப் போட்டு ஏறி, கண்ணாடியைத் திறந்து, பெரிய முள்ளைப் பின்பக்கமாகச் சுற்றிக் கடிகாரத்தை ஆறு மணிக்கு வைத்துவிட்டார். இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தார். அதன் பிறகு கடிகாரமும் கோடும் மீட்டரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. மதியம் வரை நெருப்பு அழகாக ஏறியது.

இரண்டு மணிச் சங்கு ஊதினதும் பாய் வந்தார். மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பாய், இன்னிக்கி மூணு மணி நேரம் லேட்டா பத்த வெச்சிக்கிறோம். கடியாரத்த நம்ப கணக்குக்கு வெச்சிருக்குது. அத யாரும் தொட வேணாம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கட்டம் போட்ட தாள் கிடைக்கவே நேரமாகி, மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால்தான் மச்சான் வந்தார். புதுத் தாள். அதே கோடு, மூன்று கட்டம் வலப்பக்கம் தள்ளி, ஒன்பதில் ஆரம்பிக்கிற மாதிரி அழகாக மையில் வரைந்திருந்தார். பழைய அட்டையைக் கழற்றிவிட்டுப் புதிதை மாட்டினார். "பாய், மூணு மணி நேரம் தள்ளி வெச்சிருக்கேன். இதப் பாத்து எரிங்க," என்றார். அவருக்கு அன்று வேப்பூருக்குப் போக வேண்டியிருந்தது, ஏதோ வேலை விஷயமாக ஒருவரைப் பார்க்க. பஸ்ஸுக்கு நேரமாகிறதா என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினார். சுவர்க் கடிகாரத்தை அவர் பார்க்கவில்லை. கையில் கட்டியிருக்கிறவர் எதற்குச் சுவரைப் பார்க்கப் போகிறார்?

அடுத்து நான் போனேன். சாயங்காலம் மறுபடி மழை வரும்போல் இருந்தது. கொட்டகைத் தகரம் ஒரு மூலையில் தூக்கிக்கொண்டிருக்கும், அதன் வழியாகத் தண்ணீர் சூளை மேல் சொட்டினால் என்ன ஆகும் என்று எனக்கு ஓயாத எண்ணம். அதைப் பார்க்கத்தான் போனேன்.

பாய் புகைபோக்கித் தகட்டை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு, அடுப்பு வாயிலிருந்து கனலை வெளியே வாரிக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா. கவலைய மூட்ட கட்டிக்கிட்டு வந்துட்டீங்களா?"

"என்னா பாய் நெருப்ப வாரிக் கொட்டுறீங்க?"

"அந்த மேஸ்திரி பண்ண வேலைய பாருங்க. கல்யாண வூட்டு அடுப்பு மாதிரி எரிச்சி வுட்டுட்டுப் போயிட்டாரு. முந்நூறு டிகிரி முன்னாடி ஓடுது! நான் வந்து பாத்ததால ஆச்சி. இல்லன்னா உங்க கட்டையெல்லாம் பாகா உருகியிருக்கும்."

நான் அட்டையைப் பார்த்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டரை காட்டியது.

"கடியாரம் நின்னு போச்சா பாய்?"

"இல்லக்கா, அது நம்ப கணக்குக்கு வெச்சிருக்குது. மேஸ்திரி சொல்லிட்டுப் போனாரு."

பன்னிரண்டரையில் விரலை வைத்து மேலே போனால் கோடு முந்நூறைத்தான் காட்டியது. மீட்டரில் அறுநூறைத் தாண்டி இருந்து இறங்கிக்கொண்டிருந்தது. பாய் சொன்னது அத்தனையும் சரியாக இருந்தது. எனக்கு மனசு குளிர்ந்தது. நல்லவேளை, கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்க்கிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, தகரத்து மூலையில் ஒரு கல்லை ஏற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்று மழையும் பெய்யவில்லை.

நாலரை மணி வாக்கில் முதலாளி வந்தபோது மீட்டர் முந்நூற்றுச் சொச்சம் காட்டியதாம். அவர் போட்ட சத்தம் ஜங்ஷன் வரைக்கும் கேட்டதென்று சொன்னார்கள். மறுபடி கரி போட்டு, மெல்ல மெல்ல ஏற்றி, எப்படியோ சுட்டு முடித்தார்கள். சுட்டு முடிப்பது பெரிய விஷயமில்லை. பாதிச் சூட்டில் இருக்கும் பீங்கானைச் சடாரென்று குளிரவிட்டால் அது உள்ளே விரிசல் விட்டுக்கொள்ளும். பீங்கான் வேலை தெரிந்த யாரும் இதைச் சொல்வார்கள்.

சூளை ஆறி வாசல் பிரிக்கிற அன்று நாங்கள் ஆறு பேரும் ஒன்றாக நின்றோம், அன்றுதான் முதல் தடவையாக. மண்பெட்டியைத் திறந்தால் கட்டைகள் வெள்ளை வெளேரென்று பளபளப்பாகத்தான் இருந்தன. ஒரு நொடி எனக்கு மூச்சு திரும்பி வந்தது. அண்ணி இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். நல்ல கட்டை என்றால் வெண்கலம் மாதிரி கணீரென்று சொல்லும். இது பொத்தென்றது. இன்னும் இரண்டு எடுத்துத் தட்டினார். பொத். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் முடி விழுந்தது போல ஒரு கோடு. முடி விழுந்த கட்டையில் ஈரம் இறங்கும், ஈரம் இறங்கினால் கரண்ட் கசியும். கடலூர்க்காரர் தொடக்கூட மாட்டார்.

அண்ணி பெட்டி பெட்டியாகத் தட்டிக்கொண்டே போனார். நான் ஒரு பெட்டிக்கு மேல் கேட்கவில்லை. அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தச் சூளையில் ஒரு வழக்கம் உண்டு. சாமான் கெட்டால், மண்ணிலோ காயவைத்ததிலோ குறை இருந்தால் சாமான்காரர் பொறுப்பு. நெருப்பில் குறை இருந்தால் சூளை பொறுப்பு. அதனால் முதலாளி முதலில், "மாவு ஈரமா இருந்திருக்கும்மா," என்றார்.

"உங்க பொம்மையும் எங்க மாவுலதான் செஞ்சதா?" என்றார் அண்ணி. பொம்மைகளும் வெடித்துத்தான் இருந்தன.

பிறகு நெருப்பைப் பற்றிப் பேச்சு ஆரம்பித்தது. பாய் தான் அட்டையில் உள்ளபடி எரித்ததாகச் சொன்னார். மேஸ்திரி தானும் அட்டையில் உள்ளபடிதான் எரித்தேன் என்றார். மச்சான் கோபத்தோடு ஒரு சாக்குக்கட்டியை எடுத்து, சூளைக்கு முன்னால் சிமெண்டுத் தரையில் ஒரு கோடு போட்டார். கீழே மணிகளை எழுதினார். அப்போதுதான் கடிகாரம் திருப்பப்பட்ட விஷயமே அவருக்குத் தெரிய வந்தது.

"யோவ், நான்தான் கோட்டையே நகத்திட்டனே! நீ எதுக்குய்யா கடிகாரத்த நகத்துன?"

"நீ நகத்தப் போறேன்னு என் கனவுலயா வந்து சொன்ன சார்? நான் ஒம்போது மணிக்கு நகத்துனேன். நீ மூணு மணிக்கு வந்து நகத்துன. யாரு மொதல்ல?"

"மொதல்ல, ரெண்டாவதுன்னு இல்லய்யா. என் கிராப் சரி. மூணு கட்டம் வலது பக்கம். அதாவது எக்ஸ் கழித்தல் மூணு."

"என் கடியாரமும் சரி. நான் இருந்த வரைக்கும் ஒரு டிகிரி மாறல. பாயக் கேளு."

"ரெண்டு பேரும் என்கிட்ட மூணு மணி நேரம், மூணு மணி நேரம்னுதான் சொன்னீங்க," என்றார் பாய். "ஒரே சமாச்சாரத்த ரெண்டு பேரும் சொல்றீங்கன்னு நெனச்சேன். நான் என்னா பண்ணுவேன்?"

மச்சான் தரையில் கழித்தல் மூன்று என்று எழுதியிருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது மணிக்கு என்ன டிகிரி என்று தெரிய வேண்டும். பழைய கோட்டில் அது ஆறுக்கு நேராக இருக்கிறது. ஒன்பதில் மூன்று போனால் ஆறு. கோடு வலப்பக்கம் போனால், அதைப் பழைய கோட்டில் படிக்கக் கடிகாரத்திலிருந்து கழிக்க வேண்டும். மேஸ்திரி முள்ளைப் பின்னால் திருப்பியதும் அதே கழித்தல்தான். டீச்சர் மறுநாள் சொல்கிறேன் என்றது இதுதான். இத்தனை வருஷம் கழித்து, வெடித்த கட்டைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருக்கும்போது அது எனக்கு விளங்கியது. விளங்கி என்ன செய்ய?

அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "கொடியில பொடவ காயுது. மேல தண்ணி சொட்டுது. பொடவய நகத்துனாலும் சரி, கொடிய நகத்துனாலும் சரி. ஒரு ஆளு பொடவய நகத்தி, இன்னோரு ஆளு கொடியயும் நகத்துனா, பொடவ போயி பக்கத்து வூட்டுலதான் காயும். இதுக்கு எதுக்குய்யா கீழ இவ்ளோ எழுதி வெச்சிருக்கீங்க? எங்க காசுக்கு வழி சொல்லுங்க."

யார் தப்பு என்று அன்றைக்குத் தீரவே இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒருவர் மேலும் தப்பு இல்லை, அதுதான் சங்கடம். மேஸ்திரி மட்டும் செய்திருந்தால் கட்டைகள் கணீரென்று வந்திருக்கும். மச்சான் மட்டும் செய்திருந்தாலும் வந்திருக்கும். மூன்று மணி நேரம் தாமதம் என்பதைப் பற்றி எல்லோரும் அவ்வளவு அக்கறையாக இருந்தார்கள். நான் மட்டும்தான் மழையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு இருந்தேன்.

கடைசியில் முதலாளியே சொன்னார். அறுநூறு ரூபாய் நஷ்டம். இருநூறு சூளை ஏற்கும். இருநூறு மச்சான். மேஸ்திரி நூறு, பாய் நூறு. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். மச்சான் மட்டும், "ஒத்துக்கறேன் மாமா, ஆனா என் கிராப் சரி. அதையும் எல்லாரும் ஒத்துக்கணும்," என்றார். ஒத்துக்கொண்டோம்.

பாய்தான் முதலில் கொடுத்தவர். அவர் தம்பி பம்பாயிலிருந்து பணம் அனுப்பியதும் நூறு ரூபாயை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. மேஸ்திரி சம்பளத்துக்குச் சம்பளம் ஐந்து, பத்து என்று கொடுத்தார். தை முடியும்போது அறுபது ரூபாய் வந்திருந்தது. மச்சான் முப்பது கொடுத்தார். முதலாளி தன் இருநூறைக் கையில் தர முடியாது, சூளை வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள் என்றார். கையில் சேர்ந்தது நூற்றுத் தொண்ணூறு. பெரிய பட்டறைக்காரரிடம் அதை எடுத்துக்கொண்டு போய், மீதிக்குப் பங்குனி வரை தவணை கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. என்னை உட்காரவைத்துத்தான் பேசினார். "உங்களுக்கு ஒண்ணு குடுத்தா நாளைக்கி எல்லாரும் வருவாங்கம்மா," என்றார்.

மாசி முதல் வாரம் இரண்டு பேர் மாட்டு வண்டியோடு வந்து பிரஸ்ஸை ஏற்றிக்கொண்டு போனார்கள். அண்ணி வண்டிக்குப் பின்னால் தெருமுனை வரை நடந்து போய், "கைப்பிடி கொஞ்சம் எடது பக்கம் இழுக்கும். பாத்து இழுக்கச் சொல்லு," என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

பிரஸ் இல்லாமல் சாமான் இல்லை. சாமான் இல்லாமல் சூளை வாடகை ஏது, எதில் கழிப்பது? பொம்மை செய்கிற ஒருவரிடம் எங்கள் இருநூறு ரூபாய் வாடகை இடத்தை நூற்றைம்பதுக்குத் தள்ளிவிட்டோம். மேஸ்திரி தன் பாக்கி நாற்பதை ஆடி மாதத்துக்குள் தீர்த்துவிட்டார். நானும் அண்ணியும் பெரிய பட்டறையில் கூலிக்குப் போனோம். அங்கே எங்கள் பிரஸ்ஸிலேயே அண்ணிக்கு இடம் கிடைத்தது. கட்டைக்கு இத்தனை என்று கூலி. "நம்ப பிரஸ்ஸுதான்மே. சாயங்காலம் ஆனா வூட்டுக்குத் தூக்கிக்கிட்டு வர வேணாம், அவ்ளோதான்," என்பார். சிரிப்பார். பல வருஷம் அந்தக் கைப்பிடியை இழுத்ததில் அவருடைய வலது தோள் இறங்கிப்போய்விட்டது.

மச்சானுக்கு வடக்கே எங்கோ வேலை கிடைத்தது. அன்று வேப்பூருக்கு ஓடியது வீண் போகவில்லை. போகும் முன் வந்து, முதல் மாதச் சம்பளத்தில் அனுப்பிவிடுகிறேன் என்று சொன்னார். நான் முதலாளியிடம் இரண்டு மூன்று முறை கேட்டேன். பிறகு அவர் என்னைப் பார்த்தாலே முகம் சுருங்க ஆரம்பித்ததால் கேட்பதை விட்டுவிட்டேன். கேட்டால் என்ன நினைப்பாரோ, கேட்காவிட்டால் வேண்டாம் என்று நினைத்துவிடுவாரோ என்று அதற்கும் ஒரு கவலை.

எழுபதுகள் முடிகிற சமயத்தில், மாசி மகத்துக்கு ஊருக்கு வந்திருந்தவரை ஜங்ஷன் பிளாட்பாரத்தில் பார்த்தேன். மனைவி, குழந்தை, தோல் பெட்டி. கொஞ்சம் பருத்திருந்தார். என்னை அவர்தான் முதலில் பார்த்தார்.

"அக்கா! நல்லா இருக்கீங்களா? அண்ணி எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க சார். தோளுதான் வலிக்குதுன்னு சொல்றாங்க."

வண்டி வருகிற மணி அடித்தது. அவர் பெட்டியைத் தூக்கினார். மறுபடி கீழே வைத்தார். சட்டைப் பைக்குத்தான் கை போகிறது என்று நினைத்தேன். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் அதப் பத்தி அப்பறமும் எத்தினியோ தடவ யோசிச்சிப் பாத்துட்டேன்க்கா. அந்த கிராப் சரிதான்."

"சரிதான் சார்," என்றேன்.

வண்டி வந்தது. கூட்டத்தில் அவரும் ஏறிக்கொண்டார். அவர் சொன்னது பொய் இல்லை. கிராப் சரிதான், அதை நான் அன்றைக்கே ஒத்துக்கொண்டிருந்தேன். அவர் தர வேண்டியது இன்னும் நூற்று எழுபது ரூபாய்.